அந்த ஊரில் மாமா என்றால்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருந்துகொண்டே உலகம் சுற்றுகிற மனிதன் சுகிர்தன். கடவுச்சீட்டு எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம்கூட அவனுக்கு இல்லை. கிழமை நாட்களில் காப்புறுதிக் கம்பனியில் வேலை. சனிக்கிழமை பின்னேரம் வந்தால் அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்வை வழிய வழிய ஒரு மைக்குக்கு முன்னால் குந்திவிடுவான். "வணக்கம், இது ஊரெல்லாம் பாட்டு. இண்டைக்கு நாங்கள் மாலி நாட்டுக்குப் போறம்" என்று தொடங்கினால் பிறகு ஆளை அசைக்க முடியாது. நடுவில் கல்கிசைப் பக்கம் போகிற ரயில் கூவிக்கொண்டு போகும். "அது மாலியில்லை, எங்கட ரயில்" என்று சொல்லிவிட்டுத் தொடருவான்.

இணையத்தில் போகிற வானொலி அது. கேட்கிறவர்கள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியின் முதல் வரிசைக்குக்கூடக் காணாது. ஆனாலும் அவனுக்கு அது தவம். சுரைக்குடுவையில் நரம்பு கட்டி வாசிக்கிற கோராவைப் போட்ட அன்று, மனைவி உஷாந்தி கதவைத் திறந்து தலையை நீட்டி, "சுரைக்காயில இவ்வளவு செய்யலாமெண்டா நான் ஏனப்பா அதில கறி வைக்கிறன்?" என்று கேட்டாள். துவா தேசத்துப் பாடகன் ஒரே தொண்டையில் இரண்டு குரல் எழுப்பியபோது, "ஆருக்கும் இழுப்போ?" என்று ஓடிவந்தவளும் அவள்தான். மடகஸ்காரின் மூங்கில் வாத்தியத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேட்டாள். இரண்டாம் முறையும் போடச் சொன்னாள். அன்றைக்கு அவனுக்கு கால் நிலத்தில் படவில்லை.

எல்லாம் நல்லது. ஆனால் இந்த மனிதனிடம் ஒரு வியாதி உண்டு. பாட்டைப் போட்டோம், கேட்டார்கள் என்று இருக்கமாட்டான். விளக்கம் சொல்லியாக வேண்டும். தெரிந்ததைச் சொல்வான். தெரியாததை இன்னும் அழகாகச் சொல்வான்.

அப்படித்தான் ஜோர்ஜியாப் பாட்டு வந்தது. ஜோர்ஜியா என்றதும் அமெரிக்காவா என்று கேட்காதீர்கள். அவன் மாமியார் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். இது துருக்கிக்கு மேலே, மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன நாடு. நதேலா என்று ஒரு பாடகி, கையில் மூன்று தந்தி கட்டிய பந்தூரி. விறுவிறு என்று ஒரு தாளம், கேட்டால் கால் சும்மா இராது. அந்தத் தாளத்துக்கு மேலே அவள் குரல் ஏறி நின்று கூப்பிடுகிறது: "வாய் மாமா, வாய் மாமா."

சுகிர்தன் கதிரையில் இருந்து எழும்பிவிட்டான். அடடா, இது தமிழல்லவா! வா மாமா!

தமிழனுக்கு இப்படி ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு சிந்துவெளி வரை போய்விடுவான். அந்தச் சனிக்கிழமை சுகிர்தன் உருகி உருகிச் சொன்னான். மலைநாட்டுப் பெண்பிள்ளைகள் தாய்மாமனைச் சீர் கொண்டு வரச்சொல்லி ஆடிப்பாடிக் கூப்பிடுகிற பாட்டாம் இது. தாய்மாமன் உறவு தமிழனுக்கு மட்டும் சொந்தமில்லையாம். எங்கோ, எந்தக் காலத்திலோ நாங்களும் அவர்களும் ஒரே முற்றத்தில் விளையாடியிருக்க வேண்டுமாம். இதில் ஒரு வசனத்துக்குக்கூட ஆதாரம் இல்லை. சொல்லச் சொல்ல அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பாட்டு பற்றிக்கொண்டது. வெள்ளவத்தையில் அழகு நிலையம் நடத்துகிற பெண் அதற்கு ஆடிப் படம்பிடித்துப் போட்டாள். கனடாவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தப் பாட்டோடு உள்ளே வந்தார், சனம் கைதட்டித் தள்ளியது. 'ஊரெல்லாம் பாட்டு' என்றால் யார் என்று கேட்டவர்கள் இப்போது, "அந்த வா மாமா பாட்டுக்காரன்தானே?" என்றார்கள். காலி வீதியில் முன்பின் தெரியாத ஒருவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுகிர்தன் இரண்டு அங்குலம் உயர்ந்து நடந்தான்.

இந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கிற அக்கா கௌரியின் மகள் மதுஷா பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்குக்கு வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்தார்கள். அந்தச் சடங்கில் தாய்மாமன் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. போதாக்குறைக்கு, பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. அத்தான் யோகநாதன் புறக்கோட்டையில் கடை பூட்டிவிட்டு வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. அது நடந்து இரண்டு வருசம்.

"அப்பா இல்லாத பிள்ளை எண்டு ஒருத்தரும் சூள் கொட்டக்கூடாது, தம்பி. எல்லாம் குறைவில்லாமல் நடக்கவேணும்" என்றாள் கௌரி. அவள் வாயால் சொன்ன ஒரே வருத்தம் அதுதான். மற்றதை விழுங்கிவிட்டாள். சடங்கில் அவள் மேடைக்கு வரமாட்டாள்; ஆரத்தி எடுக்கமாட்டாள்; பிள்ளையின் தலையில் பால் அறுகு வைக்கமாட்டாள். சமையல்காரர் பக்கத்து வாசலில் நின்றுகொண்டு பார்ப்பாள். தாலி இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாதாம். பெற்றவளைப் பின்கதவில் நிறுத்திவிட்டு நடத்துகிற நல்ல காரியம்! எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தி வைத்தானோ தெரியாது. ஆனால் அதை யாரும் கௌரிமேல் திணிக்கவில்லை, அவளே தீர்மானித்துக்கொண்டாள். அதுதான் இன்னும் கொடுமை.

மேடைக்குப் பக்கத்தில் அப்பாவின் படத்தை வைப்போமா என்று மதுஷா கேட்டாளாம். "செத்தவரின்ர படத்தை நல்ல நாளில வைக்கிறதோ? அண்டைக்கு அப்பாவின்ர கதை ஒருத்தரும் எடுக்கப்படாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விழப்படாது" என்று கௌரி சொல்லிவிட்டாள். பிள்ளை பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆசை மட்டும் சொன்னாள்: மாமா சீர்த்தட்டோடு உள்ளே வரும்போது மாமாவின் அந்தப் பாட்டைப் போடவேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் உச்சிகுளிர்ந்து போனார்கள். சுகிர்தனுக்குக் கண் கலங்கியது.

சடங்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஜோர்ஜியாவிலிருந்தே அழைப்பு வந்தது. ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையின் குரல், அண்ணன் என்பதற்கு நானா என்றது.

"நானா, நான் ஷபீகா. தெமட்டகொட. இங்க திபிலிசில மெடிசின் படிக்கிறன். உங்கட ப்ரோக்ராம் கேக்கிற நான். ஒரு விசயம் சொல்றன், கோவிக்க வாணாம்."

"சொல்லுங்கோ தங்கச்சி, என்ன கோவம்?"

"அந்தப் பாட்டு... அது மாமா இல்ல நானா. இங்கத்தப் பாஷையில மாமா எண்டா வாப்பா. உம்மாவுக்குத்தான் தேதா எண்டு சொல்ற."

சுகிர்தன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப... 'வா'?"

"அது வா இல்ல. வாய். நாங்க ஐயோ எண்டு சொல்றமே, அதுதான். ஐயோ வாப்பா, ஐயோ வாப்பா எண்டு அழுறா. அவட வாப்பா பந்தூரி வாசிக்கிற ஆளாம். அவர் ஆட்டத்துக்கு வாசிச்ச மெட்டாம் அது. மௌத்தான பொறகு, அதே மெட்டுலயே அவருக்குப் பாடியிருக்கா. நான் தங்கியிருக்கிற வூட்டு ஆன்ட்டிக்கு அந்தக் கனடாக் கலியாண வீடியோவைப் பெருமையாக் காட்டினன் நானா. பாத்துட்டு, 'இவங்க ஏன் கைதட்டுறாங்க?' எண்டு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல."

போனை வைத்த பிறகு சுகிர்தன் அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டான். அதே தந்தி, அதே தாளம், அதே குரல். ஆனால் இப்போது குரல் தாளத்தோடு சேர்ந்து ஓடவில்லை. தகப்பனின் விரல் ஓடிய வேகத்தில் மெட்டு ஓட, மகள் பின்னால் நின்று கூப்பிடுகிறாள். அது முதல் தடவையே அப்படித்தான் இருந்தது. அவன் காது முழுக்கத் தன் சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கேட்டான், அவ்வளவுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மனிசியின் ஒப்பாரிக்கு ஊரையே ஆடவைத்துவிட்டானே, பாவி! தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

"சனிக்கிழமை மைக்கில உண்மையைச் சொல்லிப்போடுங்கோ" என்றாள் உஷாந்தி. "அதுக்கு முதல் கௌரி மச்சாளிட்டச் சொல்லுங்கோ. சாமத்தியவீட்டில ஒப்பாரி போட்டதெண்டு பிறகு தெரிஞ்சா மனிசி செத்துப்போகும்."

சொல்லத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனான். வீட்டில் பலகாரச் சூடு. மதுஷாவின் சிநேகிதிகள் நாலு பேர் முன்னறையில் அந்தப் பாட்டுக்கே ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கௌரி மாவுக்கையோடு வந்து நின்று ரசித்தாள்.

"அக்கா, இந்தப் பாட்டை மாத்துவமோ எண்டு யோசிக்கிறன்" என்று மெல்ல எடுத்தான்.

"உனக்கென்னடா விசரோ? பிள்ளையள் பழகி முடிஞ்சுது. சனமெல்லாம் வா மாமா பாட்டு எப்ப எண்டு கேக்குது." குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு இனி நீதானே தம்பி எல்லாம். மாமா வாறார் எண்டு ஊருக்குத் தெரியட்டும்."

அவன் பின்பக்கப் பல்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதுஷா பின்னால் வந்தாள்.

"மாமா, ஏன் பாட்டை மாத்தக் கேட்டனீங்கள்?"

"சும்மா. வேற நல்ல பாட்டு ஒண்டு..."

"உங்களுக்குத் தெரிஞ்சிட்டுதோ?"

சுகிர்தன் திரும்பிப் பார்த்தான். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் போட்ட அண்டைக்கே நான் தேடிப் பார்த்தனான், மாமா. பாட்டின்ர சொல்லு நெட்டில கிடந்தது. போனே மொழிபெயர்த்துச் சொல்லிச்சுது. அப்பா, என்ர அப்பா, நீங்கள் இல்லாம உங்கட பந்தூரி ஆரின்ர கையில எண்டு வரும், ரெண்டாவது பந்தியில."

அவன் உலகம் முழுக்க அளந்தவன். இந்தச் சின்னப்பிள்ளை போனில் தட்டிப் பார்த்த அளவுக்குக்கூட அவன் தேடிப் பார்க்கவில்லை. "பிறகு ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அது செத்தவீட்டுப் பாட்டெண்டு நிப்பாட்டிப் போடுவீங்கள்." அவள் பல்கனிக் கம்பியை நகத்தால் சுரண்டினாள். "அப்பான்ர படம் வைக்கக்கூடாதாம். பேர் சொல்லக்கூடாதாம். எல்லாருக்கும் நல்ல நாள், மாமா, அப்பாவை மட்டும் அண்டைக்கு வெளியில நிப்பாட்டி வைக்கினம். இந்தப் பாட்டெண்டா, நான் உங்களைக் கூப்பிடுறன் எண்டுதானே எல்லாரும் நினைப்பினம்? ஒருத்தரும் ஏசமாட்டினம். நான் அப்பாவைக் கூப்பிட்டுப் போடுவன்."

சுகிர்தன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அக்காவிடம் சொன்னால் பாட்டு நிற்கும், இந்தப் பிள்ளையின் அப்பா மண்டபத்துக்கு வெளியே நிற்பார். சொல்லாவிட்டால், ஒரு சொட்டுக் கண்ணீர் விழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற அக்காவை ஏமாற்றியதாக முடியும்.

"அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ மாமா. ஞாயிற்றுக்கிழமை முடியுமட்டும்."

"சொல்லமாட்டன்" என்றான். சொன்ன பிறகுதான் தான் எதற்கு வாக்குக் கொடுத்தான் என்று யோசித்தான்.

அந்தச் சனிக்கிழமை 'ஊரெல்லாம் பாட்டு' ஒரு விளக்கமும் இல்லாமல் போனது. நாட்டின் பெயரையும் பாடியவரின் பெயரையும் சொன்னான், பாட்டைப் போட்டான், வாயை மூடிக்கொண்டான். சுகிர்தனுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டதோ என்று நாலைந்து பேர் கேட்டு எழுதினார்கள். வா மாமாவைப் போடச்சொல்லி வழக்கம்போல நிறையப் பேர் கேட்டார்கள். அவன் போடவில்லை.

ஞாயிறு மண்டபம் நிறைந்துவிட்டது. மதுஷா பட்டுச்சேலையில், ஜடைநாகம் வைத்து, மேடையில் நின்றாள். சுகிர்தன் பட்டு வேட்டியோடு வாசலில், கையில் சீர்த்தட்டு, பக்கத்தில் உஷாந்தி. ஒலிபெருக்கி போடுகிற தாஸிம் அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பந்தூரி விறுவிறு என்று தொடங்கியது. சனம் "ஓ" என்று கத்திக் கைதட்டியது. சிநேகிதிகள் ஆடிக்கொண்டு முன்னால் போனார்கள். "வாய் மாமா" என்று நதேலா கூப்பிட, மண்டபமே சேர்ந்து "வா மாமா" என்றது.

சுகிர்தன் நடந்தான். மேடையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், பார்த்துவிட்டான். எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், திறந்து கிடந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சனம் பாடிய சொல்லை அல்ல, நதேலாவின் சொல்லைப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பந்தியையும் அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல், அந்த அறியாத பாஷையில் பாடினாள்.

அவன் மண்டபத்தின் நடுவில் நின்றுவிட்டான். தட்டு சரிந்து தேங்காய் உருண்டது. உஷாந்தி சட்டென்று தட்டைத் தாங்கிக்கொண்டாள். "நடவுங்கோப்பா" என்று பல்லுக்குள் சொன்னாள். ஒருவாறு மேடையில் தட்டைச் சேர்த்துவிட்டு, முகத்தைத் துடைக்கச் சமையல் பக்க வாசலுக்குப் போனான். அங்கே கௌரி நின்றாள்.

அவளை ஏமாற்ற முடியுமா? அவனைத் தூக்கி வளர்த்தவள், மதுஷாவைப் பெற்றவள். இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டுதானே நின்றாள்.

"தம்பி, உது என்ன பாட்டு?"

"அக்கா..."

"உண்மையைச் சொல்லு. என்ர பிள்ளை ஆரைப் பார்த்துப் பாடுறாள்?"

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே வந்தது. அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. "அந்த ஊரில மாமா எண்டா அப்பா, அக்கா. அவளுக்கு முதலே தெரியும்."

கௌரி மேடையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பாட்டு முடிந்து, சனம் கைதட்டி ஓய்ந்து, ஐயர் தாம்பாளத்தை எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அழப்போகிறாள், இல்லை ஏசப்போகிறாள் என்று சுகிர்தன் நினைத்தான். இரண்டுக்கும் தயாராகக் குனிந்து நின்றான்.

"இன்னொருக்காப் போடச் சொல்லு" என்றாள் கௌரி.

"என்னக்கா?"

"காது கேக்கேல்லையோ? அந்தப் பாட்டை முதலிலயிருந்து போடச் சொல்லு."

அவன் தாஸிமிடம் ஓடினான். "திரும்பவுமா நானா? ஐயர் பாத்துட்டு ஈக்கிறாரு" என்றார் தாஸிம். "பரவாயில்லை, போடுங்கோ" என்றான். பந்தூரி மறுபடியும் தொடங்கியபோது கௌரி பின்வாசலை விட்டு வெளியே வந்திருந்தாள். நாலு பேர் பார்க்க, நடுப்பாதையால் நேரே நடந்து, மேடைப்படி ஏறினாள். முன்வரிசையில் ஒரு மாமி மற்ற மாமியின் காதைத் தேடினாள். ஐயர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். மதுஷா பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

கௌரி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "கூப்பிடு பிள்ளை" என்றாள். "கொப்பாவை நல்லாக் கேக்கக் கூப்பிடு."

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, திரும்பவும் கைதட்டினார்கள்.